இடது காலுக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை ஆரம்பித்த பிறகு வளசரவாக்கத்திலிருந்து வடபழனிவரை கார் ஓட்டுவது கிட்டத்தட்ட இடது காலால் மட்டுமே செய்கிற வேலையாகிவிட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதை இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. நடுவில் தகரத் தடுப்பு. இருபுறமும் மிஞ்சிய இடத்தில் மாநகரப் பேருந்து, ஆட்டோ, தண்ணீர் லாரி, பைக் எல்லாம் நகர வேண்டும். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், நாலடி நகர்வு, பிரேக், நியூட்ரல். மறுபடி முதல் கியர். வீடு வந்து இறங்கும்போது இடது முழங்கால் மடங்காது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "கியர் வண்டியா ஓட்டுறீங்க?"

என் கார் பழைய ஸாண்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, சென்னையிலேயே ஓடி, சென்னையிலேயே வயதான வண்டி. அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அதை விடுவதற்கு மனசு வரவே இல்லை. ஆனால் கார் ஓட்டுவதையே விட்டுவிட வேண்டிய நிலை வந்தால் அது அதைவிடப் பெரிய இழப்பு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு, யாரையும் கேட்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்பாவிடம் ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிறேன் என்றதும், "கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதாம்மா?" என்றார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி இருந்த அம்பாசடரில் கற்றுக்கொண்டவர். ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் அந்த வண்டியில் ஏறி இறங்கியவர். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சரியான நேரத்தில் கியரைக் குறைத்து, வண்டி திணறாமல் ஏற்றத்தில் எடுப்பது உண்மையான திறமைதான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தத் திறமை பயன்படும் சாலை இப்போது என் அன்றாடத்தில் இல்லை. ஆற்காடு சாலையில் கியர் மாற்றுவது ஓட்டுவதன் இன்பமாக இல்லை, உடம்பின் தேய்மானமாகத்தான் இருக்கிறது. "முழங்கால் போச்சுப்பா" என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

முடிவு எடுத்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் நம் ஊரில் விற்பவை உண்மையில் நாலு வெவ்வேறு இயந்திரங்கள். ஷோரூமில் யாரும் இதை உட்கார வைத்து விளக்குவதில்லை. விளம்பரத்திலும் இருக்காது. நான் படித்தும் ஓட்டியும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மலிவானது ஏஎம்டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவோடு இது இந்தியாவுக்கு வந்தது. அதுவரை ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் விஷயம். செலேரியோதான் அதை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டி, சாதாரண கிளட்ச். நம் காலும் கையும் செய்த வேலையைக் கணினி சொல்படி ஒரு இயக்கி செய்கிறது. அதனால் விலையும் குறைவு, மைலேஜும் கிட்டத்தட்ட மேனுவலுக்குச் சமம். ஆனால் கியர் மாறும் நொடியில் இழுவை அறுபட்டு மறுபடி வருவதால் தலை லேசாக முன்னே ஆடும். அதைவிட முக்கியமானது, நெரிசலில் ஊர்ந்துபோகும்போது அங்கேயும் ஹாஃப் கிளட்ச்தான் நடக்கிறது. நம் காலுக்கு வலிக்காது, கிளட்ச் தட்டு தேயும். மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவோர் நிறைய பேர். ஏஎம்டி-க்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

டார்க் கன்வெர்ட்டர் வைத்தது பழைய முறை. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய். ஒரு பக்கத்து விசிறி சுழன்று எண்ணெயைத் தள்ள, மறுபக்கத்து விசிறி அதில் சுழலும். அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்த ஹைட்ரா-மேட்டிக்கிலிருந்தே எண்ணெய் வழியாக விசை கடத்தும் ஆட்டோமேட்டிக் பெருமளவில் விற்பனைக்கு வந்துவிட்டது. எடை அதிகம், விலை அதிகம், ஆனால் பலசாலி. இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி வேகமானது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று என்பதால் அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் ஓட்ட அவ்வளவு சுகம். நம் நகர நெரிசலும் மே மாத வெயிலும் சேர்ந்தால் இந்த வகையில் பலவற்றில் இருக்கும், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் சூடாகிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியில் என் மனசு போய் நின்றது சிவிடி-யில். இதில் பற்சக்கரக் கியர்கள் வரிசையாக இல்லை. கூம்பு வடிவத் தட்டுகளால் ஆன இரண்டு கப்பிகளும் ஓர் எஃகு பெல்ட்டும்தான். மாவு மில்லில் மோட்டாரிலிருந்து அரவைக் கல்லுக்கு ஓடும் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரங்கள் இரண்டும் ஓடும்போதே பெருத்தும் சிறுத்தும் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் சிவிடி புரிந்துவிடும். கப்பி விரிந்தால் பெல்ட் உள்ளே இறங்குகிறது, நெருங்கினால் மேலே ஏறுகிறது. கியர் மாறும் நொடி என்ற ஒன்றே கிடையாது. நெதர்லாந்தில் வான் டோர்ன் என்பவரின் டாஃப் நிறுவனம் 1958-ல் ரப்பர் பெல்ட் வைத்து இதைச் சின்னக் காரில் கொண்டுவந்தது. அந்தக் கார் முன்னே போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும் என்பதால் ரிவர்ஸிலேயே பந்தயம் விட்டிருக்கிறார்கள். பிறகு எஃகு பெல்ட் வந்து, 1987-ல் சுபாரு ஜஸ்டி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சிவிடி-க்கு ஒரு குணம் உண்டு. ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முதலில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் சற்றுப் பின்னால் வரும். பலருக்கு அது பிடிக்காது. நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர்களுக்கு அது குறைதான். ஆனால் வளசரவாக்கத்தில் ஊர்ந்து போகிறவளுக்கு, பிரேக்கை விட்டதும் வண்டி தானாக மெல்ல நகர்வதும், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வேகம் பிடிப்பதும் மருந்துதான்.

அடுத்து, காலைப் பழக்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் எளிது, அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். கையாள்வது எளிதுதான். ஆனால் இருபது, முப்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது காலுக்கு மூளையைக் கேட்காமல் வேலை செய்யும் பழக்கம் இருக்கிறது. வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்தவுடன் அது தானாகக் கீழே இறங்கும். அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடல்தான் இருக்கிறது. கிளட்சை முழுசாக அழுத்திப் பழகிய கால் அதே பலத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி சடாரென்று நிற்கும், பின்னால் வருகிறவர் மோதுவார்.

அதனால் என் அண்ணன் மகன் சொன்ன முறையில்தான் பழகினேன். ஞாயிறு காலையில் ஆளில்லாத மைதானம். இடது காலை உள்ளே இழுத்து, இருக்கைக்கு அடியில் குதிகால் படும்படி வைத்துக்கொண்டு, வலது கால் மட்டும். வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராக ஊன்றிக்கொண்டு, பாதத்தை மட்டும் திருப்பி ஆக்ஸிலேட்டர். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. "அத்தை, அவசரத்துல என்ன பண்ணுவீங்கன்னுதான் பழகணும்" என்று சொல்லி, எதிர்பாராத நேரத்தில் "ஸ்டாப்" என்று கத்துவான். நிதானமாக ஓட்டும்போது எவருக்கும் கால் தடுமாறாது, பதறும்போதுதான் தடுமாறும் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. கால் தானாக அசையாமல் இருக்கும்வரை நான் சாலைக்கு எடுத்துப்போகவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. கிளட்ச் இருக்கும் வண்டியில் பதற்றத்தில் தப்பான பெடலை மிதித்தாலும், கூடவே கிளட்சையும் மிதித்துவிடுவோம். எஞ்சின் உறுமும், வண்டி பாயாது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடைத்தடை இல்லை. ஜப்பானில் 2019 ஏப்ரலில், டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓட்டுநர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதில் ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த நாட்டையே உலுக்கிய விபத்து அது. 2028 செப்டம்பரிலிருந்து அங்கே புதிதாக வரும் ஆட்டோமேட்டிக் கார்களில், முன்னால் தடை இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தினால் வேகத்தைத் தடுக்கும் கருவி கட்டாயமாகிறது. அமெரிக்காவில் 1980-களில் சில கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய புகார் எழுந்து, 1989-ல் அரசின் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பெடல் மாறி அழுத்தியதுதான் என்று முடிவானது. பிரேக்கை அழுத்தினால் மட்டுமே 'பி' என்ற பார்க்கிங் நிலையிலிருந்து லிவர் நகரும் என்ற ஏற்பாடு பரவியதும் அதையொட்டித்தான். இன்று நம் கையில் இருக்கும் வண்டியில் லிவர் நகரவில்லையே என்று புதியவர்கள் பதறுவார்கள். அது பழுது இல்லை, நமக்காகச் செய்த பாதுகாப்பு.

'பி' என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஏஎம்டி வண்டிகள் பெரும்பாலானவற்றில் 'பி' கிடையாது. ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம் (மேனுவல்) அவ்வளவுதான். சரிவில் நிறுத்தும்போது நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, கியரில் வைத்து எஞ்சினை அணைத்துக் கை பிரேக்கையும் போட வேண்டும். 'பி' இருக்கும் வண்டியிலும் முதலில் கை பிரேக், அப்புறம் 'பி' என்ற வரிசை நல்லது. இல்லாவிட்டால் வண்டியின் முழு எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன கொக்கியில் தொங்கும்.

மலை இறக்கத்தை அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மேனுவலில் இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். 'டி'-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி ஏற்காடு இறங்கினால் கீழே வருவதற்குள் பிரேக் கருகும் வாசனை வரும், அதன்பின் பிரேக் பிடிக்காது. ஆட்டோமேட்டிக்கிலும் அதற்கு வழி இருக்கிறது. ஏஎம்டி-யில் 'எம்'-க்கு மாற்றி நாமே இரண்டாம் கியரில் வைக்கலாம். சிவிடி-யில் 'டி'-க்குக் கீழே இன்னொரு நிலை இருக்கும், வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். அந்த நிலையை ஒருமுறைகூடத் தொடாமல் வண்டியை விற்றுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். மலைக்குப் போகும் முன் சமதளத்தில் அதைப் போட்டுப் பழகுங்கள். அப்பாவை முன்னிருக்கையில் உட்காரவைத்து ஏற்காடு இறங்கினேன். பாதி வழியில், "எஞ்சின் பிடிக்குதே" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எனக்குப் பாராட்டு தேவைப்படவில்லை.

சரி, வண்டி வாங்கிய கதைக்கு வருகிறேன். புதுசு வாங்கும் அளவுக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை. சிவிடி வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட்தான். புரோக்கர் வழியாகப் போனால் அவரிடம் இருப்பதை நம் தலையில் கட்டுவார். அதனால் பழைய கார் விற்கும் இணையதளங்களுக்குப் போனேன். அங்கே 'பெட்ரோல், ஆட்டோமேட்டிக், முதல் உரிமையாளர், சென்னை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி வேறெங்கும் இல்லை. பேரம் பேசத் தெரியாது என்று வாயடைத்து நிற்கிறவர்களுக்கு, எல்லாருக்கும் ஒரே விலை என்பது பெரிய நிம்மதி. தனியாகப் போய் நாலு ஆண்களுக்கு நடுவில் நின்று கார் பார்க்கிற கூச்சமும் இல்லை. இதையெல்லாம் நான் உண்மையான நன்மையாகவே நினைக்கிறேன்.

ஆனால் திரையில் வாசனை வராது. சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டி 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கே நின்றது என்பதுதான். இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த முடியாமல் போன வண்டிகள் கழுவி, காயவைத்து, வாசனைத் திரவியம் தெளித்து விற்பனைக்கு வரும்.

எனக்கு முதலில் பிடித்த வண்டி அப்படித்தான் வந்தது. படங்களில் பளபளவென்று இருந்தது. இருநூறு இடங்களைச் சோதித்த அறிக்கை என்று போட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி. வீட்டுக்கே டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனை வரச்சொல்லியிருந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். சுருளுக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி ஒரு சாண் பெல்ட்டில் சேற்றுக் கோடு. பிறகு முன்சீட்டுத் தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் காட்டினார், துரு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய வண்டல். "கார்பெட்டை மாத்திடலாம்மா, பெல்ட்டை யாரு மாத்துறா?" என்றார். வண்டி கொண்டுவந்த தம்பி, "எனக்குத் தெரியாதுக்கா, ஓட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்தாலே அது உண்மை என்று தெரிந்தது. அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தோம். வண்டியை வேண்டாம் என்றோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் எஞ்சின் ஓடும்தான். பிரச்சினை வயரிங்கில், கணினிப் பெட்டியின் இணைப்புகளில். உள்ளே போன ஈரம் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் பச்சை படிந்து காட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை முடிவு செய்வதே கணினி என்பதால் மேனுவலைவிட இதில் அபாயம் கூடுதல். சிவிடி-யின் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்தப் பெல்ட்டும் கப்பியும் தேறாது.

அதன் பிறகு பார்க்கும் ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பார்த்தேன். பதிவு எண் கிடைத்தால் அரசின் பரிவாகன் தளத்தில் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிலுவை உண்டா என்பது தெரிந்துவிடும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கி தெரியும். அதே எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்ற விவரம் வாங்க முடியும். மீட்டர் திருத்தியிருந்தால் அங்கே குட்டு வெளிப்படும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரான டயர். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியில் ஏன் நாலு டயரும் புதுசு என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கண்ணைக் கவரும் மலிவு விலையில் டில்லி, ஹரியானா எண்ணுள்ள வண்டிகள் நிறைய வரும். தலைநகர் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் வந்த கட்டுப்பாட்டால் அங்கே விலை சரிந்து தெற்கே வருகின்றன. வாங்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்டிஓ-விடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும், 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுச் சாலை வரி கட்ட வேண்டும். எல்லாம் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். "ராணுவத்தில் இருக்கிறேன், திடீரென்று இடமாறுதல், டோக்கன் மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லும் தனிநபர் விளம்பரங்களைப் பற்றி இன்னும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம். வண்டியையும் அசல் ஆர்சி-யையும் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரு பலேனோ, சிவிடி. 2022-ல் புது பலேனோ வந்தபோது அதில் சிவிடி-யை நிறுத்திவிட்டு ஏஎம்டி கொடுத்தார்கள். அதனால் பழையதுக்கு எங்களைப் போன்றவர்களிடம் தனி மதிப்பு. ஒரே உரிமையாளர், சர்வீஸ் ஏடு முழுசாக இருந்தது. சேசிஸ் எண்ணை ஆர்சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். சில நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வசதி பல தளங்களில் இருக்கிறது. அந்த நாட்களைக் கோயிலுக்குப் போகவும் சொந்தக்காரர்களுக்குக் காட்டவும் செலவழித்துவிடுகிறார்கள். நான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்கச் சொன்னேன். கியர்பெட்டி எண்ணெயின் நிறம் பார்த்தார்கள். மதிய வெயிலில் ஏசி போட்டு நெரிசலில் ஓட்டினேன், ஊர்ந்து போகும்போது நடுக்கம் இருக்கிறதா, கீச்சென்று சத்தம் வருகிறதா என்று கவனித்தேன். மாலின் அடித்தளத்துச் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பார்த்தேன். சிவிடி-யில் குறை இருந்தால் இந்த இடங்களில் காட்டிக்கொடுக்கும்.

பணம் கட்டியதும் வண்டி நம்முடையதாகிவிடுவதில்லை. என் ஸாண்ட்ரோவை விற்றபோதும் இதே கவனம் தேவைப்பட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டியை விற்றுவிட்டாலும் ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. கைமாறிக் கைமாறி நாலாவது ஆள் ஓட்டினாலும் அப்படித்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2022 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பழைய கார் டீலர்கள் ஆர்டிஓ-விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததைப் பரிவாகன் தளத்தில் பதிந்துவிட்டால் அதிலிருந்து அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். விற்கிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. நான் விற்கப் போன இடத்தில் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்றார்கள். பதிந்ததற்கான ரசீதைக் கையில் தந்தால்தான் சாவி தருவேன் என்றேன். தர மாட்டோம் என்றார்கள். வேறு டீலரிடம் கொடுத்தேன், சில ஆயிரம் குறைவாகத்தான் கிடைத்தது. எனக்கு அது போதும்.

இன்சூரன்ஸ் ஒன்று பாக்கி. வருடக்கணக்காக க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதில்லை, நமக்கு உரியது. 50 சதவிகிதம்வரை வளர்ந்திருக்கும். பழைய வண்டியை விற்கும்போது அதற்கான சான்றிதழை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் வண்டியின் பாலிசியை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. ஃபாஸ்டாக்கையும் மாற்ற வேண்டும், பழையவர் அதை ரத்து செய்யாமல் புதுசு கிடைக்காது. ஆர்சி இப்போது தபாலில்தான் வருகிறது, ஆர்டிஓ கவுன்ட்டரில் தருவதில்லை. அதனால் முகவரியில் கதவு எண் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் மாறியவை இரண்டு. பேட்டரி இறங்கிவிட்டால் தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற கதை இனி கிடையாது. ஜம்ப் கேபிள் ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறேன். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடக் கூடாது; முன்சக்கரம் தரையில் உருண்டால் எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர்பெட்டிக்குள் எண்ணெய் ஓடாமல் தேய்ந்துவிடும். வண்டியை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃப்ளாட்பெட் லாரிதான். சிவிடி எண்ணெயைக் கையேட்டில் சொன்ன தூரத்தில், அதற்கென்றே உள்ள எண்ணெயால் மாற்ற வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

இதை எழுதும்போது கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவிகிதத்திலிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. புது ஏஎம்டி-க்கும் நாலு வருடப் பழைய சிவிடி-க்கும் நடுவில் இருந்த விலை இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஓடுவது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, நெரிசல் குறைவு என்றால் புது ஏஎம்டி-யையே எடுங்கள். வாரண்டியும் கிடைக்கும், வெள்ளக் கவலையும் இல்லை. போரூர், வடபழனி, கிண்டி என்று தினமும் ஊர்கிறவர்கள் மட்டும், ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு, பழைய சிவிடி-யைத் தேடுங்கள். கிடைத்ததும் முதலில் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்.